பழைய குழந்தை வண்டிகளைச் சேகரிப்பது வரலாற்றைக் காப்பதே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, இங்கிலாந்தின் யார்க்ஷயரில் இந்தக் குளிரிலும் அரங்கை நிறைத்திருக்கும் தமிழ்ப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"பழைய குழந்தை வண்டிகளைச் சேகரிப்பது வரலாற்றுக் காப்பா, வெறும் பழமை ஏக்கமா?" என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். பெரிய சக்கரங்களும் மடக்குக் கூரையும் கொண்ட 'பிராம்' என்னும் அந்தப் பழைய குழந்தை வண்டிகள் பிள்ளை வளர்க்கச் செவிலித்தாயரை வேலைக்கு வைத்திருந்த செல்வர் வீட்டுச் சொத்து என்றார். மடித்துக் காரில் வைக்கும் வண்டி வந்த பிறகு அவை பயனற்றவை, ஆபத்தானவையும்கூட என்றார். அவற்றுக்காக ஏங்குவது, பெண்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த காலத்துக்காக ஏங்குவதாகும் என்று முடித்தார். மூன்றுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

குழந்தை வண்டியின் தொடக்கம் செல்வர் வீட்டில்தான் என்பதை நான் மறுக்கவில்லை. 1733-இல் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்னும் கட்டடக் கலைஞர் சிப்பி வடிவில் ஒரு வண்டியைச் செய்தார். ஆட்டையோ மட்டக்குதிரையையோ பூட்டி இழுக்கும்படி அமைந்த வண்டி அது. 1846-இல் விக்டோரியா அரசியும் தம் குழந்தைகளுக்கு வண்டிகள் வாங்கினார். ஆனால் வரலாறு அரண்மனை வாசலோடு நின்றுவிடவில்லை. நாம் கூடியிருக்கும் இதே யார்க்ஷயரில், லீட்ஸ் நகரின் ஹன்ஸ்லெட் பகுதியில், 1877-இல் வில்லியம் வில்சன் தொடங்கிய பட்டறைதான் பின்னர் சில்வர் கிராஸ் என்று உலகறிந்த நிறுவனமாக வளர்ந்தது. ஹன்ஸ்லெட் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. அங்கே வண்டியைச் செய்தவர்களும் தொழிலாளர்கள். பிற்காலத்தில் வாரத் தவணையிலும், அக்காளிடமிருந்தும் அண்டை வீட்டாரிடமிருந்தும் கைமாறியும் அந்த வண்டிகளைப் பெற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர்களும் தொழிலாளர் வீட்டுப் பெண்களே.

அந்தப் பெண்கள் வண்டியைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதை எதிரணியினர் சொல்லவில்லை. அழுக்குத் துணி மூட்டையைப் பொதுச் சலவைக் கூடத்துக்குத் தள்ளிச் சென்றார்கள். எரிவாயு ஆலையிலிருந்து அடுப்புக்கான கல்கரியை வண்டியில் ஏற்றி வந்தார்கள். குண்டுவீச்சில் வீடிழந்தபோது மிஞ்சிய தட்டுமுட்டுச் சாமான்களோடு அதையே தள்ளிக்கொண்டு நடந்தார்கள். போர் அச்சம் சூழ்ந்த 1938-இல் கென்ட் பகுதியின் ஹெக்ஸ்டேபிள் ஊரில் நச்சுவாயு உள்ளே புகாத குழந்தை வண்டி ஒன்று உருவாக்கப்பட்டது. சவப்பெட்டியைப் போல மூடிய அந்தப் பெட்டிக்குள் தன் பிள்ளையை வைத்துத் தள்ள வேண்டிய நிலை வரலாம் என்று ஒரு தாய் எண்ணிப் பார்த்த காலம் அது. அந்தக் காலத்துத் தாய்மாரின் அச்சத்தை நமக்கு உணர்த்துவதற்கு அந்த ஒரு பொருளே போதும்.

நடுவர் அவர்களே, எங்கள் அணியின் முதன்மையான வாதத்துக்கு இப்போது வருகிறேன். இத்தனை ஆயிரம் வண்டிகள் ஓடிய நாட்டில் பழைய வண்டிகள் ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டன? பீங்கான் கிண்ணம் அலமாரியில் பூட்டப்பட்டதால் பிழைத்தது. கடிகாரம் பரம்பரைச் சொத்து என்பதால் பிழைத்தது. குழந்தை வண்டியோ கடைசிக் குழந்தை நடக்கத் தொடங்கியதும் பிரிக்கப்பட்டது. அதன் சக்கரங்களையும் அச்சுகளையும் கழற்றி, ஒரு பலகையில் பூட்டி, கயிற்றால் திருப்பி ஓட்டும் விளையாட்டு வண்டி செய்வது இந்நாட்டுச் சிறுவர்களின் வழக்கம். உடற்பெட்டி கொல்லையில் மழையில் ஊறிக் கிடந்து மட்கியது. பயன்பட்டுப் பயன்பட்டே அழிந்துபோன பொருள் அது. அதைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைய பெரிய காட்சியகங்களுக்கும் எளிதில் வரவில்லை; கோமகனின் வண்டிக்கும் வாளுக்கும் கிடைத்த இடம், கல்கரி சுமந்த வண்டிக்கு எப்படிக் கிடைத்திருக்கும்? அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் தனிமனிதச் சேகரிப்பாளர்கள். பண்ணைக் கொட்டகையிலும் வாகனக் கொட்டிலிலும் சொந்தக் காசில் அவர்கள் சேர்த்து வைத்திராவிட்டால், இன்று நாம் இதைப் பற்றி வாதிடுவதற்குக்கூட வண்டிகள் மிஞ்சியிருக்கமாட்டா.

ஜெர்மனியில் நிலைமை சற்று மாறுபட்டது. சைட்ஸ் என்னும் சிறு நகரத்தில், 1846-இல் எர்ன்ஸ்ட் ஆல்பர்ட் நேட்டர் தொடங்கிய தொழில் ஊரையே வளர்த்தது. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் அங்கே செய்த வண்டிகள் செகிவா என்ற பெயரில் எல்லை கடந்து விற்பனையாயின. இன்று அந்த ஊரின் மோரிட்ஸ்பர்க் கோட்டையில் குழந்தை வண்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஓர் ஊர் தன் உழைப்பை மதித்தால் இப்படித்தான் செய்யும். இங்கே லீட்ஸை அடுத்த கைஸ்லியில் இயங்கிய சில்வர் கிராஸ் தொழிற்சாலை 2002-இல் மூடப்பட்டது. தொழிற்சாலை போன பிறகு அந்தத் தொழிலைக் கண்ணால் கண்டு அறிய நமக்கு எஞ்சியிருப்பவை அங்கே செய்த வண்டிகள்தாம்.

அந்த வண்டிகளிலிருந்து என்ன அறியலாம் என்று கேட்பீர்கள். நான் பராமரித்து வரும் ஒரு வண்டி 1950-களைச் சேர்ந்தது. அதைச் சாய்த்து அடிப்பாகத்தைப் பார்த்தால், இரும்புச் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் அரைவட்டமாக வளைந்து எழும் எஃகு விற்களை, அதாவது ஸ்பிரிங்குகளைக் காணலாம். உடற்பெட்டி எந்த இடத்திலும் சட்டத்தின்மேல் நேராக உட்கார்ந்திருக்காது. அந்த விற்களின் நுனிகளிலிருந்து தடித்த தோல் வார்களால் தொங்கும். கல் பாவிய தெருவில் சக்கரம் அதிர்ந்தாலும் அந்த அதிர்வை எஃகும் தோலும் வாங்கிக்கொள்ள, குழந்தைக்கு மெல்லிய அசைவு மட்டுமே எட்டும். குதிரை வண்டி செய்தவர்களின் கைத்திறன் அப்படியே குழந்தைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய வண்ணக்கோடு அச்சில் வார்த்ததில்லை. நீண்ட மயிர்த் தூரிகையால் ஒருவர் கைநடுங்காமல் ஒரே இழுப்பில் இழுத்தது. வளைவில் அது மயிரிழை அளவு தடிக்கும். அங்கேதான் அந்தக் கை நமக்குத் தெரிகிறது.

உள்ளே தரைப்பலகைகளைத் தூக்கினால் ஆழமான குழி ஒன்று இருக்கும். பலகை மூடியிருந்தால் கைக்குழந்தை படுக்கலாம், அடியில் கடைச் சாமான்களை வைக்கலாம். பலகையை எடுத்தால் சற்று வளர்ந்த பிள்ளை காலைத் தொங்கவிட்டு உட்காரலாம். என் வண்டியில் அந்தக் குழியின் விளிம்பு பிள்ளைகளின் காலணி உரசி உரசித் தேய்ந்திருக்கிறது. உறை வேறு நிறத் துணியால் ஒட்டுப் போடப்பட்டு, அந்த ஒட்டும் மறுபடி தேய்ந்திருக்கிறது. ஒரு பிள்ளையின் கால் இத்தனை தேய்க்காது. பலர் அடுத்தடுத்து அமர்ந்திருக்கிறார்கள். அதைப் புதுப்பித்துப் பளபளப்பாக்கச் சிலர் அறிவுறுத்தினார்கள். நான் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். வார் அறுந்தாலோ அச்சு துருப்பிடித்தாலோ பழுது பார்க்கலாம். தேய்மானத்தை அழிப்பது சான்றை அழிப்பது என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கூட்டத்தில் சேகரிப்பாளர்கள் இருந்தால் அவர்களிடமும் இதையே வேண்டுவேன்.

அடுத்து, பயனற்றவை என்ற குற்றச்சாட்டு. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கரத் தொகுதியை வடிவமைத்த பொறியாளர்களுள் ஒருவரான ஓவன் மக்லாரன், 1965-இல் மூன்று கிலோவுக்கும் குறைவான எடையுள்ள மடக்கு வண்டியை வடிவமைத்தார். அது அருமையான கண்டுபிடிப்பு; பேருந்தில் ஏறும் தாய்க்கு அது விடுதலை என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது கைஸ்லியில் பிராம் செய்த தொழிற்சாலையும் விமான உறுப்புகளைச் செய்தது. போருக்குப் பின் அதன் வண்டிகள் ஒட்டுப்பலகையை விட்டு அலுமினியத் தகட்டுக்கு மாறின. ஆகவே பழைய பிராமும் மடக்கு வண்டியும் எதிரிகள் அல்ல. இரண்டிலும் விமானத் தொழிலின் தடம் இருக்கிறது. பழையது கையில் இல்லாவிட்டால் இந்த உறவை நாம் எப்படிக் கண்டுகொள்வது?

ஆனால் எடை குறைந்தபோது ஒன்று கைநழுவியது. பழைய பிராமில் குழந்தையின் முகம் தாயை நோக்கி இருந்தது. மடக்கு வண்டியில் குழந்தை தெருவை நோக்கித் திரும்பிவிட்டது. 2008-இல் டண்டீ பல்கலைக்கழக உளவியலாளர் சூசன் ஸீடிக், பிரிட்டன் தெருக்களில் 2,700-க்கும் மேற்பட்ட பெற்றோர்-குழந்தை இணைகளைக் கவனிக்கச் செய்த ஆய்வில், முகம் பார்க்கும் வண்டியைத் தள்ளும் பெற்றோர் ஏறத்தாழ இரு மடங்கு கூடுதலாகக் குழந்தையுடன் பேசுவது தெரியவந்தது. இந்தக் கவலையும் புதிதல்ல. அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் வில்லியம் ரிச்சர்ட்சன், குழந்தையைத் தள்ளுபவரை நோக்கியோ தெருவை நோக்கியோ திருப்பி வைக்கத்தக்க வண்டிக்கு 1889-இலேயே காப்புரிமை பெற்றார். இன்றைய வண்டிகளில் திருப்பி மாட்டும் இருக்கையைப் புதுமை என்று விற்கிறார்கள். அதன் வேரை அறிய விரும்புபவர் பழைய வண்டிகளிடம்தான் செல்ல வேண்டும்.

ஆபத்து என்பதில் எதிரணியோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம்; கூரையின் இரும்பு மடிப்புகள் விரலைக் கவ்வும். இன்றைய குழந்தையை அவற்றில் உட்கார்த்தச் சொல்லி இந்த மேடையில் யாரும் வாதாடவில்லை. காப்பதைப் பற்றியே பேசுகிறோம்.

கடைசியாக, ஏக்கம். ஏக்கம் என்பதை ஒரு பழிச்சொல்லாக எதிரணி பயன்படுத்துகிறது. ஒரு மூதாட்டி பழைய பிராம் ஒன்றின் கைப்பிடியைத் தொட்டதும், தாம் மூன்றாம் பிள்ளையைச் சுமந்துகொண்டே மற்ற இருவரையும் அதில் ஏற்றி மேட்டுத் தெருவில் தள்ளியதைச் சொல்லத் தொடங்குவார். எந்தக் கடையில் வாங்கியது, மாதம் எவ்வளவு கட்டியது, யாருக்குக் கொடுத்தது என்று அடுக்கடுக்காகச் சொல்வார். அவர் வீட்டுக்குள் அடைபட்டிருந்தாரா, எந்தச் சுமையை எப்படித் தாங்கினார் என்பதை அவர் வாயாலேயே கேட்கும் வாய்ப்பு அப்போதுதான் நமக்குக் கிடைக்கிறது. அந்த ஏக்கமே அவரைப் பேச வைத்தது; நல்ல சேகரிப்பாளர் அதைக் கேட்டு, வண்டியோடு சேர்த்து எழுதி வைக்கிறார்.

நடுவர் அவர்களே, என்னை அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லட்டும். கோடிழுத்த அந்தத் தொழிலாளியின் கையையும், துணி மூட்டையோடு அந்த வண்டியைத் தள்ளிய பெண்ணின் நாளையும் அறிய, இந்த வண்டிகளை ஒதுக்கிவிட்டு வேறு எந்தச் சான்றை அவர் இந்த அவையில் வைப்பார்? அதைக் கேட்ட பின் தாங்கள் தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.