104-க்கு வந்த போனும் 181-க்கு வர வேண்டிய போனும்

எல்லாருக்கும் வணக்கம். ஆஸ்பத்திரில இருந்து வந்திருக்கீங்க, சமூக நலத்துறைல இருந்து வந்திருக்கீங்க, போன்ல கவுன்சலிங் பண்ற வாலண்டியர்ஸும் நிறைய பேர் இருக்கீங்க. இந்த மூணு தரப்பும் ஒரே ஹால்ல உக்காந்து நான் பாத்ததே கம்மி, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்: வீட்டுல அடி வாங்குற பொண்ணுங்களும் தற்கொலைத் தடுப்பும்.

2020 மார்ச் 25ல லாக்டவுன் ஆரம்பிச்சுது. வீட்டுக்குள்ளயே இருங்க, அதுதான் பாதுகாப்புன்னு ஆட்டோல மைக் கட்டி தெருத் தெருவா சொன்னாங்க. கொரோனாவுக்கு அது சரிதான். ஆனா அடிக்கிற ஆளே வீட்டுக்குள்ள இருந்தா? அம்மா வீட்டுக்குப் போக பஸ் கிடையாது, மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேணும், எப்பவும் ஓடிவர்ற பக்கத்து வீட்டு அக்காவும் கதவத் திறக்க பயப்படுறாங்க, அந்த ஆளுக்கும் வேலை இல்ல, கையில காசு இல்ல, நாள் முழுக்க வீட்டுலயேதான். வெளிய போற நேரத்துல கிடைக்குமே ஒரு ரெண்டு மணி நேர மூச்சு, அதுவும் போச்சு.

அந்த வருஷத்து என்.சி.ஆர்.பி., அதாவது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்குப்படி இந்தியாவுல 1,53,052 பேர் தற்கொலை செஞ்சு இறந்திருக்காங்க, தமிழ்நாட்டுல மட்டும் 16,883. நாடு முழுக்க இறந்த பெண்கள் 44,498 பேர், அதுல பாதிக்கு மேல, 22,372 பேர், குடும்பத் தலைவிகள். காரணம்னு ஒரு பட்டியல் இருக்கு பாருங்க, அதுல மொத்தத்துல மூணுல ஒரு பங்கு 'குடும்பப் பிரச்சினை'ங்கற ஒரே கட்டத்துல போய் விழுது. அந்தக் கட்டத்துக்குள்ள எத்தனை பேர் அடி வாங்கினவங்கன்னு அந்தப் பட்டியல வச்சு யாராலயும் சொல்ல முடியாது. எனக்கு இதுதான் ரொம்ப வலிக்குது, ஏன்னா கேட்கறதுக்கு ஆள் இருந்துச்சு, நம்பர் இருந்துச்சு. மனசு சரியில்லன்னா 104, அது சுகாதாரத் துறை. வீட்டுல அடிச்சா 181, அது சமூக நலத்துறை, 2018லயே வந்தாச்சு. ஆனா ரெண்டு நம்பருக்கும் கூப்பிடற பொண்ணு ஒருத்திதான். சாகலாம் போல இருக்குன்னு சொன்னா ஒரு ஃபைல், புருஷன் அடிக்கிறான்னு சொன்னா இன்னொரு ஃபைல், ரெண்டு ஃபைலும் ஒண்ண ஒண்ணு பாக்கறதே இல்ல.

லாக்டவுன் சமயத்துல ஹெல்ப்லைன்ல எனக்கு வந்த ஒரு கால் சொல்றேன். பாத்ரூம்ல குழாயத் திறந்து விட்டுட்டு பேசுறாங்க. "தூக்கமே வரலக்கா, இருந்து என்ன ஆகப்போகுது"ன்னு சொல்லிட்டு இருக்கும்போதே குரல் மாறுது, "கேஸ் சிலிண்டர் புக் பண்ணி நாலு நாளாச்சுங்க, எப்ப வரும்?"னு கேக்குறாங்க. யாரோ பக்கத்துல வந்துட்டாங்கன்னு புரிஞ்சு நானும், எத்தனை மணிக்கு வந்தா ஆள் இருப்பீங்கம்மான்னு கேட்டேன். நாளைக்கு பதினொண்ணு மணிக்குன்னாங்க. மறுநாள் அந்த நேரத்துக்குத்தான் நிதானமா பேச முடிஞ்சுது, அடிக்கிறதப் பத்தியும் அப்பதான் வாயத் திறந்தாங்க, அதுவும் நான் "வீட்டுல யாருக்காவது பயப்படுறீங்களாம்மா"ன்னு கேட்டதுக்கப்புறம்தான். யோசிச்சுப் பாருங்க, கால் கட் ஆயிடுச்சேன்னு நான் அந்த நிமிஷமே திருப்பிக் கூப்பிட்டிருந்தா போன எடுக்கறது யாரு?

தற்கொலைத் தடுப்புல நமக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் என்ன? தனியா விடாதீங்க, வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லி வைங்க, மாத்திரை மருந்தெல்லாம் அவங்க கையில குடுத்துடுங்க. நல்ல பாடம், நிறைய உயிரக் காப்பாத்தின பாடம். ஆனா அந்த 'வீட்டுல ஒருத்தர்' அடிக்கிற ஆளாவே இருந்தா, நாமளே சாவியத் தூக்கி அவன் கையில குடுத்த மாதிரி ஆயிடுது. இனிமே அவ சொல்றத யாரு நம்புவா? "இவளுக்கு மெண்டல், ஹெல்ப்லைன்ல இருந்தே சொன்னாங்க"ன்னு சொல்லுவான், கோர்ட்டு வரைக்கும் சொல்லுவான். அதனால யார்கிட்ட சொல்லலாம்னு அவங்களையே கேக்கணும், அக்காவா, தங்கச்சியா, கூட வேலை பாக்குறவங்களா, யாரா இருந்தாலும் அந்தப் பேரு அவங்க வாயில இருந்து வரணும்.

மறுபக்கமும் இதே கதைதான். வன்முறை கேஸ் பாக்குறவங்க வீட்ட விட்டு வெளிய கொண்டு வந்துட்டா ஜெயிச்சாச்சுன்னு நினைக்கிறாங்க. கொரோனா நேரத்துல ஹோம்ல சேக்கணும்னா முதல்ல டெஸ்ட், ரிசல்ட் வர்ற வரைக்கும் தனி ரூம். புள்ளைங்கள விட்டுட்டு வந்த பொண்ணு, உடம்பு முழுக்க காயம், பேச ஆள் இல்லாம ஒரு ரூம்ல பூட்டின மாதிரி உக்காந்திருந்தா அவ மனசு எங்க போகும்? சாகணும்னு தோணுதாம்மான்னு நேரடியா கேக்கணும், கேட்டா எண்ணத்தத் தூண்டி விட்டுடுவோமோன்னு பயப்படாதீங்க, கேக்கறதால அது வராது, கேட்டா பாரம்தான் இறங்கும்.

ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு ஒண்ணு. தற்கொலை முயற்சின்னு ஒரு பொண்ணு கேஷுவால்டிக்கு வந்தா கூட வந்த புருஷன வெளிய அனுப்பிட்டு அஞ்சு நிமிஷம் தனியா பேசுங்க. 2017 மனநலச் சட்டம் 115வது பிரிவுப்படி அவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்ததாத்தான் எடுத்துக்கணும், அதனால வழக்கு வருமோன்னு அவங்க பயந்தா அதச் சொல்லி தைரியம் குடுங்க. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல பாதுகாப்பு அலுவலர்னு ஒருத்தர் இருக்காங்க, அந்த வீட்டுலயே தங்கறதுக்கும் கோர்ட் ஆர்டர் வாங்கித் தர வழி இருக்கு. டிஸ்சார்ஜ் சீட்டுல இதையெல்லாம் எழுதாதீங்க, அத முதல்ல படிக்கறது அந்தப் புருஷன்தான்.

ஸ்பெயின்ல கேனரி தீவுகள்ல 2020 மார்ச்லயே அடி வாங்குறவங்க மருந்துக்கடைல போய் ரகசிய வார்த்தையா 'மாஸ்க் 19' வேணும்னு கேட்டா போதும், கடைக்காரங்க போலீசுக்கு சொல்லிடுவாங்க. ஊரெல்லாம் மூடி இருந்தப்பவும் எது திறந்திருக்குன்னு பாத்து அங்க கதவு வச்சாங்க. நம்மகிட்ட ரேஷன் கடை இருந்துச்சு, மெடிக்கல் ஷாப் இருந்துச்சு, வீடு வீடா காய்ச்சல் கணக்கெடுக்க ஆள் போனாங்க, அங்கயும் இப்படி ஒரு கதவு வச்சிருக்கலாம்.

இப்ப மத்திய அரசோட மனநல ஹெல்ப்லைன் 14416ம் வந்தாச்சு. அடுத்த தொற்று வர்றதுக்கு முன்னாடி நான் கேக்கறது இவ்வளவுதான்: நம்பரக் குடுத்து நீங்களே கூப்பிடுங்கன்னு விடாம, அவங்க சம்மதத்தோட லைன்ல இருந்தபடியே அடுத்த ஆள்கிட்ட சேத்து விடுங்க, எப்ப கூப்பிடலாம், மெசேஜ் அனுப்பலாமா, வேற யாராவது எடுத்தா என்ன சொல்றதுன்னு மூணையும் முதல் காலிலயே கேட்டு வச்சுக்கங்க. உங்க மாவட்டத்து பாதுகாப்பு அலுவலர் நம்பர் எத்தனை பேர் போன்ல இருக்கு, கை தூக்குங்க பாப்போம். சரி, டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடி அத வாங்கிடுங்க, அந்த மேடம் மூணாவது வரிசைல உக்காந்திருக்காங்க.