மீனோடு ஒரு நெடும்பயணம்

வணக்கம் நேயர்களே. வீடு மாறும்போது சட்டி பானையெல்லாம் மூட்டை கட்டிவிடலாம். மீன் தொட்டி முன்னால் வந்ததும்தான் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம். எட்டு மணி, பத்து மணி நேரக் கார்ப் பயணத்தை மீன் தாங்குமா? முன்னேற்பாடு சரியாக இருந்தால் நன்றாகவே தாங்கும்.

முதல் ஏற்பாடு பட்டினி. "பாவம், வழியில் பசிக்குமே" என்று புறப்படுகிற காலையில் ஒரு சிட்டிகை கூடுதலாகத் தீனி போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் ஒன்றிரண்டு நாள் தின்னாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. தின்றதெல்லாம் பைக்குள் கழிவாகவும் அம்மோனியா என்ற விஷமாகவும் வெளியே வரும். தொட்டியில் அதைச் சரிசெய்ய பில்டரில் பாக்டீரியா இருக்கிறது, பையில் ஏது?

அடுத்தது பை. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு காற்று. நிறையத் தண்ணீர் இருந்தால் மீனுக்கு நல்லது என்று தோன்றும், ஆனால் மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜன் அந்தக் காற்றில்தான் இருக்கிறது. வாயால் ஊதி நிரப்பாதீர்கள், நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு கலந்திருக்கும். நீண்ட பயணத்துக்கு மீன் கடையில் ஆக்சிஜன் அடித்துக் கட்டித் தரச் சொல்லலாம். பைட்டர், கௌராமி போல மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்களுக்கு மட்டும் சாதாரணக் காற்றே போதும். பையின் அடிமூலை இரண்டையும் ரப்பர் பேண்டால் இறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சின்ன மீன் அங்கே மாட்டி நசுங்கிப்போகும். அப்படியே இன்னொரு பைக்குள் தலைகீழாகப் போட்டுக் கட்டுங்கள். கெளுத்தி வகைகளின் முள் பையைக் குத்திவிடும், அவற்றுக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிதான் சரி. பாட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வெளியே வைத்து, அதன் காற்றுக் குழாயை வாளித் தண்ணீருக்குள் விட்டுவிடுங்கள்.

இப்போது நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிற விஷயத்துக்கு வருகிறேன். வழியில் பையைத் திறக்காதீர்கள். "கொஞ்சம் புதுக்காற்று படட்டும்" என்று அவிழ்ப்பார்கள், ஆபத்தே அங்கேதான். மீன் மூச்சுவிட விட, கார்பன் டை ஆக்சைடு கரைந்து தண்ணீர் லேசாக அமிலமாகும். அந்த அமிலத்தன்மையில் அம்மோனியாவின் பெரும்பகுதி அம்மோனியமாக மாறி, அதிகக் கெடுதல் செய்யாமல் கிடக்கும். பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும், அமிலத்தன்மை குறையும், அடங்கிக் கிடந்தது மறுபடி விஷ அம்மோனியா ஆகும். செவுள் வெந்துபோகும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பார்க்கிறவர் "காற்று போதவில்லை" என்று இன்னும் அகலமாகத் திறந்துவைப்பார்!

ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் இதே கதைதான். கட்டிய பையைக் கட்டியபடியே இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள், வெப்பம் சமமாகட்டும். பிறகு அவிழ்த்தவுடன் வலையால் மீனை எடுத்துத் தொட்டியில் விடுங்கள். திறந்த பையில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்ப்பது நீண்ட பயணம் வந்த மீனுக்கு ஆகாது. பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. புதுத் தண்ணீர் பழகவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள், பழைய தொட்டியின் தெளிந்த தண்ணீரை நாலைந்து கேனில் கொண்டுவந்து புதுத் தொட்டியில் கலந்துவிடுங்கள்.

காரில் பைகளைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி மூடுங்கள். இருட்டில் மீன் அடங்கியிருக்கும், வெப்பமும் சட்டென்று ஏறி இறங்காது. ஏசி காற்று நேராகப் படக்கூடாது. சாப்பிட இறங்கும்போது வெயிலில் காரைப் பூட்டிவிட்டுப் போகவே போகாதீர்கள்.

நேரம் நெருங்குகிறது, பில்டரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், தொட்டித் தண்ணீரில் நனைந்தபடி, காற்றுப் புகும் டப்பாவில் கொண்டுபோங்கள். காய்ந்தால் பாக்டீரியா செத்துப்போகும். போனதும் முதலில் பில்டரை ஓடவிடுங்கள். அன்றைக்கு விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். தொட்டியைத் தண்ணீரோடு தூக்காதீர்கள், சிலிக்கான் ஒட்டு விட்டுவிடும். நன்றி, வணக்கம்.