முன்னேற்ற அறிக்கையும் ரேங்க் கார்டும்

தருமபுரி வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து, விடுமுறையும் கழிந்து, பள்ளிகள் மீண்டும் திறந்திருக்கும் இந்த நாட்களில், திருத்திய விடைத்தாள்கள் மாணவர் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஓரிரு வாரத்தில் மதிப்பெண் அட்டை வீட்டுக்கு வந்துவிடும். நான் பணியாற்றிய பள்ளியில் அந்த அட்டையின் மேல் ‘முன்னேற்ற அறிக்கை’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தோம். கணக்கு ஆசிரியராகவும் பின்னர் தலைமையாசிரியராகவும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த எனக்கு, அதை அந்தப் பெயரால் அழைத்த பெற்றோர் ஒருவரைக்கூட நினைவில்லை. எல்லார் வாயிலும் அது ‘ரேங்க் கார்டு’தான். நேற்று நின்ற இடத்திலிருந்து ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டிய அட்டை, பக்கத்துப் பிள்ளைக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறது என்று சொல்லும் அட்டையாகிவிட்டது. ஒரு பருவம் முடியும்போது உயர்நிலைப் பள்ளியில் எதைக் கொண்டாடலாம், எப்படிக் கொண்டாடலாம் என்று பேசுமாறு நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். அந்த அட்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

பத்தாம் வகுப்பில் 5 பாடங்கள், மொத்தம் 500 மதிப்பெண், ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால் தேர்ச்சி. இது நேயர்கள் அறிந்ததே. ஆனால் ரேங்க் போடும் முறையில் ஒரு சங்கதி உண்டு. நான்கு பாடங்களில் எழுபதும் எண்பதும் எடுத்த பிள்ளை ஐந்தாவது பாடத்தில் 34 எடுத்தால், அதற்கு ரேங்க் கிடையாது. அந்தக் கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு சிறு கோடு மட்டும் விழும். நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் அந்தக் கோடுதான் என்ற பருவங்களை நான் பார்த்திருக்கிறேன், கோடு போட்டவனும் நானே. பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017 ஆம் ஆண்டில் கைவிட்டது. நல்ல முடிவு என்று அப்போது எல்லாரும் பாராட்டினோம். ஆனால் வகுப்பறையில் போடும் ரேங்க் மட்டும் போகவில்லை.

எங்கள் பள்ளி அரூர்ப் பக்கம், மலையடிவாரத்தில் உள்ளது. சில பிள்ளைகள் மலையிலிருந்து இறங்கி வருவார்கள். சிலர் பாட்டி வீட்டில் தங்கிப் படிப்பார்கள், ஏனென்றால் தாயும் தந்தையும் பெங்களூரில் கட்டட வேலையிலோ திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ இருப்பார்கள். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் எழுத்தறிவு பெற்றவர்கள் 80 விழுக்காடு. தருமபுரி மாவட்டத்தில் ஏறத்தாழ 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி. அந்தக் கணக்கில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக எண்ணப்பட்டவர்களில் பலர், எங்களிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோரும் பாட்டி தாத்தாவும்தான். ஆகவே வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் உள்ள பிள்ளையையும் இல்லாத பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்தி, யார் முன்னால் நிற்கிறார் என்று பார்ப்பது, ஓட்டம் தொடங்கும் இடத்தையே பார்க்காமல் முடிவை மட்டும் பார்ப்பதாகும்.

முன்பெல்லாம் எங்கள் பருவ விழா இப்படி நடக்கும்: வகுப்புக்கு மூன்று பேர், ஆளுக்கு ஓர் எவர்சில்வர் தட்டு. ஆறாம் வகுப்பில் தட்டு வாங்கிய அதே மூன்று பேர்தான் பத்தாம் வகுப்பு வரை வாங்குவார்கள். மற்றவர்கள் பெஞ்சு தூக்குவார்கள், கை தட்டுவார்கள். சரியாகச் சொல்வதென்றால், அந்த மூன்று வீடுகளுக்குத்தான் அது விழா.

இதை மாற்றலாம் என்று ஆசிரியர்கள் கூடிப் பேசினோம். காலாண்டுத் தேர்வைவிட அரையாண்டில் யார் அதிகம் உயர்ந்திருக்கிறாரோ அவரையும் மேடைக்கு அழைப்பது என்று முடிவு செய்தோம். நல்ல எண்ணந்தான். ஆனால் முதல் ஆண்டிலேயே நான் ஒரு பெரிய தவறு செய்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை மேடைக்கு அழைத்து, ஒலிபெருக்கியில், ‘கணிதத்தில் காலாண்டில் 9, அரையாண்டில் 27, மும்மடங்கு முன்னேற்றம்’ என்று பெருமிதத்தோடு அறிவித்தேன். கைதட்டல் பலமாக இருந்தது. பையன் தலை நிமிரவில்லை. அடுத்த இரண்டு நாளும் அவன் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவனுடைய அக்கா வந்து சொன்னாள்: “ஒம்போது எடுத்தது எங்க வீட்டுக்கே தெரியாதுங்க சார். இப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சு.” நான் பாராட்டியது இருபத்தேழை, ஊர் கேட்டது ஒன்பதை. அன்று அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

அந்த நிகழ்வுக்குப் பிறகு நாங்கள் மதிப்பெண்ணை மேடையில் வாசிப்பதை விட்டோம். இன்னொரு காரணமும் இருந்தது. கணக்கு ஆசிரியன் என்ற முறையில் எனக்கே அந்தக் கழித்தல் கணக்கில் நம்பிக்கை குறைந்திருந்தது. காலாண்டுக்குரிய பாடப்பகுதி வேறு, அரையாண்டுக்குரியது வேறு. வினாத்தாள் ஒரு முறை எளிதாக இருந்தால் வகுப்பே பத்து மதிப்பெண் ஏறிவிடும். அதில் எது பிள்ளையின் உழைப்பு, எது வினாத்தாளின் தயவு? ஆகவே எண்ணை விட்டுவிட்டு விடைத்தாளைத் திறந்து பார்க்கத் தொடங்கினோம்.

விடைத்தாளைத் திறந்தால் எவ்வளவோ தெரிகிறது. பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்களில் 10 எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண் வினாக்களில் 10. கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் 8 மதிப்பெண். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லித்தருவது அந்தக் கடைசிப் பகுதியைத்தான், ஏனென்றால் கையும் கண்ணும் பழகினால் அந்த 16 மதிப்பெண் கைக்கு எட்டும். காலாண்டில் வடிவியல் பக்கத்தை வெறுமையாக விட்ட ஒரு மாணவி, அரையாண்டில் கவராயத்தைப் பிடித்து, வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகளை வரைந்திருந்தாள். ஒரு தொடுகோடு சற்று விலகிப்போயிருந்தது. அளவைச் சரிபார்க்கும் கணக்கையும் அவள் எழுதவில்லை. மொத்த மதிப்பெண் 31. தேர்ச்சி இல்லை, ரேங்க் இல்லை. ஆனால் ஜூன் மாதத்தில் கவராயத்தின் முள் எந்தப் பக்கம் ஊன்ற வேண்டும் என்று தெரியாத கை அது. விழா நாளில் அந்தப் படத்தைப் பெரிய தாளில் மீண்டும் வரையச் சொல்லி, பள்ளித் தாழ்வாரத்தில் ஒட்டினோம். அதன் கீழே அவள் பெயரை மட்டும் எழுதினோம், மதிப்பெண்ணை எழுதவில்லை. வருவோர் போவோர் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

தமிழ்ப் பாடத்தில் இந்த வேலை இன்னும் எளிது என்பதை நான் வேறோர் ஊரில் கற்றுக்கொண்டிருந்தேன். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பு, ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், தேன்கனிக்கோட்டைப் பக்கம் சில ஆண்டுகள் பணியாற்றினேன். அங்கே பல வீடுகளில் பேச்சுமொழி கன்னடம் அல்லது தெலுங்கு. கன்னடத்தில் இன்று ழகரம் வழக்கில் இல்லை. ஆகவே ‘மழை’ என்பது பிள்ளைகளின் நோட்டில் மளையாகவும் மலையாகவும் பொழியும். அங்கிருந்த தமிழாசிரியர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஜூன் மாதம் ஒவ்வொரு பிள்ளையும் எழுதும் முதல் கட்டுரையைத் திருத்தாமல் வாங்கி, ஒரு கோப்பில் வைத்துவிடுவார். டிசம்பரில் அதே தலைப்பில் மீண்டும் எழுதச் சொல்வார். இரண்டையும் பிள்ளையிடமே கொடுத்து, ‘நீயே திருத்து’ என்பார். தன் பழைய தாளில் தானே பிழை கண்டு வட்டமிடும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் பரிசு எதற்கு என்று தோன்றும். பாராட்டு வெளியிலிருந்து வராமல் தன் கண்ணாலேயே கிடைக்கும் முறை அது. பிற்காலத்தில் அரூர்ப் பள்ளியில் அதை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

வருகைப் பரிசையும் சொல்ல வேண்டும். ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மாணவருக்குப் பரிசு கொடுப்பது பழைய வழக்கம். பட்டியலை ஒருமுறை கூர்ந்து பார்த்தபோது, வாங்கியவர்களில் பெரும்பாலோர் பள்ளியைச் சுற்றிக் கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவர்கள் என்று தெரிந்தது. குச்சிக்கிழங்கு பிடுங்கும் நாளில் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நின்றுபோன பெண்பிள்ளைக்கு அந்தப் பட்டியலில் ஒருநாளும் இடமில்லை. பிறகு நாங்கள் வேறொன்றைக் கவனித்தோம்: நின்றவர் திரும்பி வந்தாரா? இரண்டு வாரம் வராமல் இருந்து, கேலிக்கும் கேள்விக்கும் அஞ்சாமல் மறுபடி வந்து உட்கார்ந்து, விட்ட பாடத்தை நோட்டு வாங்கி எழுதி முடித்த பிள்ளை செய்தது சிறிய காரியமா? பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம் என்று எழுதிவைத்திருந்தாலும், நம் பகுதியில் ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பெண்களைப் பற்றிய அந்தக் கவலை இன்னும் தீரவில்லை. அப்படி ஒரு பேச்சு வீட்டில் நடந்து, அதைத் தாண்டி ஜனவரியில் வகுப்புக்கு வந்த பெண்ணை நாங்கள் மேடையில் அழைத்ததில்லை, அழைக்கவும் கூடாது. வகுப்பாசிரியை அவளைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வார், அவ்வளவுதான். எல்லாக் கொண்டாட்டத்துக்கும் ஒலிபெருக்கி வேண்டியதில்லை.

தேர்வுகளில் வெல்வோருக்குப் பாராட்டு தானாகவே வந்துவிடும் என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில் வென்றால், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அந்தச் செய்தி ஊருக்குள் நம்மைவிட வேகமாக நடக்கும். அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவால் எங்களுக்குக் கிடைத்த பயன் வேறு வகை. வகுப்பில் எந்நேரமும் தூங்கி வழிந்த ஒரு பையன் அதில் தெருக்கூத்துக் கட்டியக்காரனாக வந்து நின்றபோதுதான், அவன் தாத்தாவோடு இரவெல்லாம் கூத்துக்குப் போகிறவன் என்பது எங்களுக்குத் தெரிந்தது. அரை ஆண்டு அவனை நான் பின் பெஞ்சில் எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இவ்வளவும் சொல்லும்போது முதல் மதிப்பெண் எடுப்பவரை மறந்துவிட்டோமா என்று கேட்கலாம். ஒரு தந்தை நேரிலேயே கேட்டார். தன் மகள் 500 க்கு 470 எடுத்திருக்க, அவளைக் கடைசியில் அழைத்தது என்ன நியாயம் என்றார். அவர் கேட்டது சரி. புதிய முறையின் உற்சாகத்தில், நன்றாகப் படிப்பவர் எப்படியும் படித்துவிடுவார் என்று நாங்கள் நினைத்துவிட்டோம். தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூற்றேழுக்குப் போவதும் ஏற்றந்தான், அதுவும் மேலே போகப் போகச் செங்குத்தான ஏற்றம். அடுத்த ஆண்டு முதல் எவர்சில்வர் தட்டு மீண்டும் வந்தது. முதல் மூன்று பேருக்கு உரிய மரியாதை முதலிலேயே; மற்றவை அதன் பின்.

விழாவை எப்போது நடத்துவது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பருவத்தின் கடைசி நாளில் நடத்தினால் பிள்ளைகள் பரிசோடு விடுமுறைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் ஜனவரியில், பள்ளி திறந்த பின், பொங்கல் விடுமுறைக்கு முன் உள்ள சில நாட்களில் நடத்தினோம். புளி உலுக்கும் காலம் நெருங்கி, பிள்ளைகள் ஒவ்வொருவராக நிற்கத் தொடங்கும் நேரம் அது. ‘வெள்ளிக்கிழமை உன் படம் ஒட்டப்போகிறோம்’ என்று சொல்லி அனுப்பினால் வருவார்கள். நேரம் காலை ஒன்பது மணி, முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுவோம். பிற்பகலில் வைத்தால் பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். பொன்னாடையும் வரவேற்புரையும் சிறப்புரையும் இல்லாததால் அந்த முக்கால் மணியே தாராளம். சிறப்புரை ஆற்ற அழைக்கப்பட்டவனே இதைச் சொல்வது சற்று வேடிக்கைதான்.

அட்டை வீட்டுக்கு வரும் இந்த வாரத்தில் பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. மதிப்பெண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன், பிள்ளையிடம் காலாண்டு விடைத்தாளையும் அரையாண்டு விடைத்தாளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட வெறும் பக்கம் எது, எழுதிய பக்கம் எது என்று பார்க்கலாம். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஜனவரியில், களை வெட்டப் போகும் வழியில் கையில் களைக்கொத்தோடு விழாவுக்கு வந்த ஒரு தாய், “எம்புள்ள எத்தினியாவது ரேங்க்குங்க சார்?” என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவர் மகள் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போய், சுவரில் இருந்த தன் தொடுகோட்டுப் படத்தைக் காட்டி, கவராயத்தை எங்கே ஊன்றினேன், எங்கிருந்து வில் போட்டேன் என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தாய் களைக்கொத்தைத் தரையில் வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். ரேங்க்கைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

நன்றி, வணக்கம்.