முதல் பூட்டில் தானே பார்மட் செய்துகொள்ளும் போர்டு: பில்ட்ரூட்டில் எம்கேஎஃப்எஸ் சேர்ப்பது

வணக்கம் நண்பர்களே. மேஜை மேல் இருப்பது ஈஎம்எம்சி (போர்டிலேயே பதித்த ஃபிளாஷ் சேமிப்பு) வைத்த சின்ன ஏஆர்எம் போர்டு. இந்த மாதிரி போர்டுகளுக்கு லினக்ஸ் இமேஜ் கட்டித்தரும் கருவியான பில்ட்ரூட்டில் கட்டிய லினக்ஸ் இதில் ஓடுகிறது. முதல் பூட்டில் டேட்டா பார்ட்டிஷனைத் தானே எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் பைல்சிஸ்டமாகப் பார்மட் செய்துகொள்ள வேண்டும், அதுதான் இன்றைய வேலை. இப்போதைக்கு, பார்மட் செய்யும் கட்டளையான எம்கேஎஃப்எஸ் டாட் எக்ஸ்ட்4 என்று அடித்தால் 'நாட் ஃபவுண்ட்' என்கிறது, பாருங்கள்.

சின்னச் சின்ன லினக்ஸ் கட்டளைகளை ஒரே பைனரியில் தரும் பிஸிபாக்ஸில்தான் எம்கேஈ2எஃப்எஸ் என்ற பார்மட் கட்டளை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது எக்ஸ்ட்2 மட்டும்தான் போடும், ஜர்னல் (பாதியில் கரண்ட் போனால் பைல்சிஸ்டத்தைச் சீராக்க உதவும் பதிவு) வராது. எந்த நேரமும் கரண்ட் போகக்கூடிய இடத்தில் வைக்கிற போர்டுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனசு வராது. அதனால் எம்கேஎஃப்எஸ் டாட் எக்ஸ்ட்4 அடங்கிய ஈ2எஃப்எஸ்புரோக்ஸ் பேக்கேஜ்.

பில்ட்ரூட்டின் செட்டிங்ஸ் மெனுவான மெனுகான்ஃபிக் திறக்கிறேன். இந்தப் பெயர் இரண்டு இடத்தில் வரும், கவனியுங்கள். 'ஹோஸ்ட் யூட்டிலிட்டீஸ்' பக்கம் டிக் செய்தால், இமேஜ் கட்டுகிற உங்கள் பிசிக்குத்தான் கருவி கிடைக்கும். போர்டுக்குள் ஒன்றும் போகாது. நமக்கு வேண்டியது 'டார்கெட் பேக்கேஜஸ்', அதில் 'ஃபைல்சிஸ்டம் அண்ட் ஃபிளாஷ் யூட்டிலிட்டீஸ்'. டிக் செய்து மேக் கொடுத்தால், அதற்குத் தேவையான லைப்ரரிகளான லிப்பிஎல்கேஐடி, லிப்யுயுஐடி எல்லாம் கூடவே வந்துவிடும். வேறொரு லினக்ஸிலிருந்து பைனரியை மட்டும் காப்பி அடித்துப் போடாதீர்கள். அது கேட்கிற லோடர் (பைனரியை லைப்ரரிகளோடு சேர்த்து ஓடவைக்கும் கோப்பு) போர்டில் இல்லையென்றால், கண்ணெதிரே கோப்பு இருக்கும்போதே 'நாட் ஃபவுண்ட்' என்று வரும்.

சரி, இனி ஸ்கிரிப்ட். இங்கேதான் நிதானம் வேண்டும். பலர் எழுதுவது இப்படி: மவுண்ட் செய்து பார், தோற்றால் பார்மட் செய். தயவுசெய்து இதை எழுதாதீர்கள். எம்கேஎஃப்எஸ் நேராக பிளாக் டிவைஸில் எழுதுகிறது, அதற்குக் கெர்னலில் எக்ஸ்ட்4 தேவையே இல்லை. மவுண்ட்டுக்குத்தான் தேவை. கெர்னல் கான்ஃபிக்கில் எக்ஸ்ட்4 விட்டுப்போயிருந்தால் பார்மட் வெற்றி, மவுண்ட் தோல்வி. ஒவ்வொரு பூட்டிலும் பார்ட்டிஷன் துடைக்கப்படும். 'ஏற்கெனவே பைல்சிஸ்டம் இருக்கிறது, தொடரவா' என்று எம்கேஎஃப்எஸ் கேட்குமே என்றால், உள்ளீடும் வெளியீடும் டெர்மினலாக இருந்தால்தான் கேட்கும். பூட் ஸ்கிரிப்ட்டில் கேட்காமலேயே எழுதிவிடும். யாரோ மாதக்கணக்கில் சேர்த்த சென்சார் டேட்டா அப்படிப் போகக்கூடாது.

அதனால் நான் முதலில், கெர்னலுக்குத் தெரிந்த பைல்சிஸ்டம்களின் பட்டியலான ப்ராக் ஃபைல்சிஸ்டம்ஸில் எக்ஸ்ட்4 இருக்கிறதா என்று பார்க்கிறேன். அப்புறம், பார்ட்டிஷனில் என்ன இருக்கிறது என்று சொல்லும் பிஎல்கேஐடி கட்டளை. அது அந்தப் பார்ட்டிஷனில் எதையுமே காணவில்லை என்றால் மட்டும் பார்மட். பைல்சிஸ்டம் இருந்தும் மவுண்ட் ஆகவில்லையா, அதைச் சோதித்துச் சரிசெய்யும் ஈ2எஃப்எஸ்சிகே ஓடட்டும். அதுவும் முடியாவிட்டால் லாகில் எழுதிவிட்டு நிற்கட்டும். முடிவை மனிதர் எடுக்கட்டும்.

பார்மட் கட்டளையில் 'மைனஸ் எம் ஜீரோ' சேர்க்கிறேன். இல்லையென்றால் ரூட்டுக்கென்று 5 சதவீதம் ஒதுங்கிவிடும். டேட்டா பார்ட்டிஷனுக்கு அது வீண். வெறும் நாண்ட் ஃபிளாஷ் (ஈஎம்எம்சி போல உள்ளே கன்ட்ரோலர் இல்லாதது) வைத்த போர்டு என்றால் இது எதுவும் ஆகாது, அங்கே எம்டிடி யூட்டில்ஸ், யூபிஐஎஃப்எஸ் என்று வேறு வழி. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.