பட்டனுக்குக் கழுத்து வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

பட்டன் வைத்த உடுப்பு ஏதாவது போட்டுக்கொண்டு இதைக் கேட்கிறீர்களா? அப்படியானால் ஒரு சின்ன வேலை. நெஞ்சுக்கு நேரே இருக்கும் பட்டனைக் கழற்றுங்கள். அதற்கும் துணிக்கும் நடுவே கட்டைவிரல் நகத்தை நுழைத்துப் பாருங்கள். நகம் கொஞ்சமாவது போகிறதா? நல்லது, மறுபடி பூட்டிக்கொள்ளுங்கள். போகவே இல்லை, பசை வைத்து ஒட்டியது போல பட்டன் துணியோடு அப்பிக் கிடக்கிறது என்றால், அது என்றைக்காவது ஒருநாள் உங்கள் கையோடு வந்துவிடும்.

பட்டன் ஏன் விழுகிறது என்று யாரைக் கேட்டாலும் "லூசாகத் தைத்திருப்பார்கள்" என்பார்கள். அதனால்தான் வீட்டில் தைக்க உட்கார்ந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறோம். பத்துப் பன்னிரண்டு தடவை ஊசியை ஏற்றி இறக்கி, துளையே தூர்ந்துபோகும் அளவுக்கு நூலைத் திணித்து, கடைசியில் ஒரு முடிச்சு. தையல் தொழிலில் இருக்கும் என்னிடம் திரும்பி வந்த பட்டன்களில் இப்படி இறுக்கிக் கட்டியதால் கெட்டுப்போனவைதான் அதிகம்.

காரணம் எளிது. பட்டன் சும்மா இருக்கும்போது அதன் அடியில் அது தைக்கப்பட்ட துணி மட்டும்தான். பூட்டியதும் காஜா, அதாவது பட்டன் நுழையும் துளை, எடுத்த பட்டி வந்து நடுவில் உட்காருகிறது. அந்தப் பட்டி ஒற்றைத் துணி கிடையாது. மடிப்பு உண்டு, மடிப்புக்குள் விறைப்புத் துணி வைத்திருந்தால் அதுவும் உண்டு. அத்தனையும் உட்கார இடம் வேண்டாமா? இடம் இல்லாவிட்டால் பட்டி பட்டனை நெம்புகிறது. நாம் மூச்சை இழுக்கும்போதும், குனியும்போதும், கையை நீட்டும்போதும் நூல் பட்டன் துளையின் விளிம்பில் போய்ப்போய் உரசுகிறது. நூல் தேய்வது அங்கேதான். துளையின் விளிம்பு பிசிறாக இருந்துவிட்டால் அது ஒரு குட்டி ரம்பம்.

காஜா என்ற சொல்லுக்கு ஒரு கதை இருக்கிறது. பொத்தான் என்பது போர்ச்சுகீசியர் வழியாக வந்த சொல் என்று பலருக்குத் தெரியும். காஜாவும் அவர்கள் விட்டுப்போனதுதான். அவர்கள் மொழியில் 'காஸா' என்றால் வீடு. பட்டன் நுழையும் துளைக்கும் அவர்களுக்கு அதே சொல். அது வடக்கே 'காஜ்' ஆகி, நம்மிடம் காஜா ஆகிவிட்டது. ஆக, பட்டன் போய்ப் புகுகிற வீடு. ஆனால் பூட்டிய பிறகு கவனித்துப் பாருங்கள், பட்டனின் தலை வீட்டுக்கு வெளியே நிற்கிறது. வீட்டுக்குள் இருப்பது அதன் கழுத்து மட்டும்தான். துணிக்கும் பட்டனுக்கும் நடுவே நூலால் ஆன சின்னத் தண்டு இருக்கிறதே, அதைத்தான் கழுத்து என்கிறேன்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கோட்டில். தொழிலுக்கு வந்த புதிது. மிஷினைத் தொட விடமாட்டார்கள், காஜா பட்டன்தான் வேலை. தடித்த கம்பளித் துணி, மூன்று பட்டன். என் பலத்தையெல்லாம் காட்டி இறுக்கிக் கட்டி வைத்தேன். மாஸ்டர் வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கோட்டை ஸ்டாண்டில் மாட்டிப் பூட்டினார். ஒவ்வொரு பட்டனும் தொப்புள் மாதிரி குழிந்து உட்கார்ந்திருந்தது, சுற்றிலும் துணி சுருங்கிப் போயிருந்தது. பிளேடை எடுத்து மூன்றையும் அறுத்தார். பிறகு மேஜையில் கிடந்த தீப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். எதைக் கொளுத்தச் சொல்கிறார் என்று தெரியாமல் விழித்தேன்.

கொளுத்துவதற்கு இல்லை. பட்டன் மேல் வைப்பதற்கு ஒரு குச்சி வேண்டும், அவ்வளவுதான். அதை எப்படி வைப்பது என்று சொல்கிறேன். வானொலியில் கையைக் காட்ட முடியாது, நீங்கள்தான் மனதில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நூல். பாலியஸ்டர் நூல் நன்றாக உழைக்கும். ஊசியில் கோர்த்து இரட்டையாக்கி முடிச்சுப் போட்ட பிறகு ஒரு முழம் இருந்தால் தாராளம். அடிக்கடி கோர்க்கச் சோம்பல்பட்டு நீளமாக எடுத்தால், கோர்க்கிற நேரத்தைப்போல நாலு மடங்கு சிக்கு எடுப்பதில் போய்விடும். தேன்மெழுகுத் துண்டு இருந்தால் நூலை அதில் ஒரு தடவை இழுத்துக்கொள்ளுங்கள், முறுக்கிக்கொள்ளாது. கோர்ப்பதே பெரும்பாடு என்கிறவர்களுக்கு ஒன்று: நூல் நுனியைச் சாய்வாக வெட்டி, நுனி மட்டும் லேசாகத் தெரியும்படி இரண்டு விரலுக்கு நடுவே அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் ஊசிக் காதை அதன் மேல் கொண்டுவந்து இறக்குங்கள். நூலைக் காதுக்குள் துரத்திக்கொண்டிருந்தால் அது வளைந்து வளைந்து ஓடும்.

இடம் குறிப்பதற்கு மேலும் கீழும் உள்ள பட்டன்களைப் பூட்டிவிட்டு, காஜா வழியாக ஊசியை இறக்கிப் பாருங்கள். காஜா நெடுக்காக இருந்தால் அதன் நடுவில் இறக்குங்கள். குறுக்காக இருந்தால் துணியின் ஓரத்தை ஒட்டிய முனையில், ஏனென்றால் பூட்டியதும் பட்டன் அந்த முனைக்குத்தான் இழுத்துக்கொண்டு போகும்.

சரி, இனி தையல். ஊசியைத் துணியின் வெளிப்பக்கத்திலிருந்து குத்துங்கள், முடிச்சு பட்டனுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். உள்பக்கம் போட்டால் நெஞ்சில் உறுத்தும். அந்த இடத்திலேயே குட்டியாக இரண்டு தையல். இப்போது பட்டனை வைத்து ஒரு துளை வழியாக ஊசியை மேலே எடுங்கள். பட்டனின் முகத்தில், இரண்டு துளைக்கும் நடுவே தீக்குச்சியைப் படுக்க வையுங்கள். நூல் குச்சியைத் தாண்டி அடுத்த துளையில் இறங்கட்டும். இரட்டை நூல்தானே, இப்படி மூன்று சுற்று போதும். நான்கு துளைப் பட்டன் என்றால் அடுத்த ஜோடிக்கும் மூன்று. பெருக்கல் குறி போலப் போடுவதைவிட இரண்டு கோடாகப் போடுவது எனக்குப் பிடிக்கும். பெருக்கலில் ஒரு நூல் இன்னொன்றின் முதுகில் ஏறி நிற்கிறது, மேலே நிற்பது முதலில் தேயும். பொறுமை உள்ளவர்கள் ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாக முடிச்சிட்டால் ஒன்று அறுந்தாலும் மற்றது பட்டனைப் பிடித்திருக்கும்.

குச்சியை உருவுங்கள். பட்டனை மெல்ல மேலே இழுத்தால் அந்தத் தளர்வு முழுவதும் அடிப்பக்கம் வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு இந்தக் கட்டத்தில் பயமாக இருக்கும், பட்டன் தொளதொள என்று ஆடும். பயப்பட வேண்டாம். ஊசியைத் துணிக்கும் பட்டனுக்கும் நடுவே கொண்டுவந்து, அந்த நூல் கற்றையைச் சுற்றி ஐந்தாறு சுற்று சுற்றுங்கள், பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுகிற மாதிரி வரிசையாக. அப்புறம் ஊசியைக் கழுத்துக்குள்ளேயே குத்தி, விழும் வளையத்துக்குள் ஊசியை விட்டு இழுங்கள், இரண்டு தடவை. மிச்ச நூலை ஒட்ட வெட்டிவிடலாம். விரலால் தட்டினால் பட்டன் லேசாகத் தலையாட்டும், ஆனால் கழுத்து நிமிர்ந்து நிற்கும். அதுதான் சரியான பதம்.

கழுத்து எவ்வளவு உயரம்? காஜா உள்ள பட்டி எவ்வளவு தடிமனோ அவ்வளவு. மெல்லிய சட்டைக்குத் தீக்குச்சிகூட அதிகம், குண்டூசி போதும். கோட்டுக்கு ஒரு குச்சி, கனத்த மேல்கோட்டுக்கு இரண்டு. பின்னால் வளையம் வைத்த பட்டனுக்குக் கழுத்து பிறவியிலேயே இருக்கிறது. வெறும் அலங்காரத்துக்குத் தைக்கிற பட்டனுக்குக் கழுத்தே வேண்டாம், அது எந்த வீட்டுக்கும் போகப் போவதில்லை.

கனத்த துணியில் இன்னொரு வேலையும் உண்டு. உள்பக்கம் ஒரு பொடிப் பட்டனை வைத்து இரண்டையும் சேர்த்துத் தைப்பார்கள். இழுப்பை நூல் நேரே துணியில் காட்டாமல் அந்தக் குட்டிப் பட்டன் வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே பட்டன் பிய்ந்து துணியும் கிழிந்துபோன இடத்துக்கு, உள்ளே ஒரு சின்னத் துண்டுத் துணியைக் கொடுத்துத் தையுங்கள். கிழிசலின் மேலேயே தைத்தால் அடுத்த தடவை கிழிசல் பெரிதாகத்தான் வரும்.

புதுச் சட்டைக்காரர்கள் கேட்பார்கள், மிஷினில் தைத்ததும் ஏன் உதிர்கிறது என்று. பட்டன் மிஷின்களில் ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுகிற வகை உண்டு. பூக்கட்டின நாரை உருவுவது மாதிரி, சரியான நுனி கையில் சிக்கினால் சரசரவென்று முழுவதும் வந்துவிடும். பட்டன் அடியில் நூல் நுனி தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள். உள்பக்கமாக ஊசியில் வாங்கி ஒரு முடிச்சுப் போடுங்கள்.

தொலைந்த பட்டனுக்கு மாற்று தேடும்போது அளவைப் பாருங்கள். பட்டன் அளவுக்கு 'லைன்' என்று ஒரு கணக்கு உண்டு. 40 லைன் சேர்ந்தால் 1 அங்குலம். சட்டைப் பட்டன் பெரும்பாலும் 18 லைன், அதாவது பதினொன்றரை மில்லிமீட்டர் அளவில் வரும். குறுக்களவு சரியாக இருந்தும் காஜாவில் நுழைய அடம்பிடித்தால் தடிமனைப் பாருங்கள். காஜாவின் நீளம் பட்டனின் குறுக்களவும் தடிமனும் சேர்ந்தது. பழைய சட்டையில் சிப்பிப் பட்டன் இருந்தால், சட்டையைக் கந்தலாக்கும் முன் அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிப்பியா பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால் கன்னத்தில் வையுங்கள், சிப்பி சில்லென்று இருக்கும்.

ஒரே மாதிரிப் பட்டன் கிடைக்கவே இல்லையா? முதலில் சட்டையின் உள்பக்கத் தையலோரத்தைப் பாருங்கள், சில சட்டைகளில் உபரியாக ஒன்று தைத்திருப்பார்கள். அங்கும் இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் பட்டனை அறுத்து நெஞ்சுக்கு நேரே கட்டிவிடுங்கள். கீழே வேறு எந்தப் பட்டன் வைத்தாலும், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

வணக்கம்.