141.5 கட்-ஆஃப்: பட்டியலின் கீழ்ப்பாதியை எழுதும் வேலை

வணக்கம். கொஞ்சம் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது.

இந்த வீடியோ தமிழ்நாடு பொறியியல் கவுன்சிலிங்குக்கு 200-க்கு 195, 198 வாங்கியவர்களுக்கு இல்லை. அவர்களுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. 130, 140, 150 என்று வாங்கிவிட்டு, வீட்டில் யாரும் திட்டவும் இல்லை, யாரும் இனிப்பு வாங்கவும் இல்லை என்ற நிலையில் உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களுக்குத்தான் இதைப் பேசுகிறேன். போன வருஷம் என் தம்பி அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். கணக்கில் 68, இயற்பியலில் 71, வேதியியலில் 76. கணக்கு அப்படியே 68, மற்ற இரண்டும் பாதிப் பாதியாக 35.5, 38. மொத்தம் 200-க்கு 141.5.

இதோ, இந்த நோட்டைப் பாருங்கள். தெரிகிறதா? கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப் பிரிவு வேண்டும் என்று அவனும் நானும் சேர்ந்து விருப்ப வரிசையில் எழுதிய பட்டியல் இது. 58 வரிசை. அவனுக்கு சீட் கிடைத்தது 34-வது வரிசையில். நான் சொல்ல வந்தது முழுக்க இதற்குள் இருக்கிறது. நம்மைப் போன்ற மார்க் உள்ளவர்களுக்கு சீட் வருவது பட்டியலின் நடுவிலிருந்தோ கீழிருந்தோதான். ஆனால் எல்லோரும் மேலே இருக்கிற பத்து பெயருக்காக ஒரு வாரம் சண்டை போடுகிறார்கள், கீழே இருப்பதைக் கடைசி நாள் ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறார்கள்.

நான் அப்படித்தான் நிரப்பினேன். என் வருஷத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பதினைந்து நிமிஷத்தில், அங்கிருந்தவர் சொன்ன பெயர்களையும் சேர்த்து ஒன்பது வரிசை போட்டேன். முதல் முறை எதுவுமே வரவில்லை. அடுத்த சுற்றில் மிச்சம் இருந்ததில் ஒன்று வந்தது. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அலாட்மென்ட் வந்த பிறகுதான் தேடிப் பார்த்தேன். தினமும் போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். நான்கு வருஷம். அந்த நேரத்தைத் தம்பி இழக்கக்கூடாது என்றுதான் அவனுக்காக ஜூன் மாதமே நோட்டு வாங்கினேன்.

சரி, முதலில் கவுன்சிலிங் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். உங்கள் முறை வந்ததும் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும். உங்களுக்குப் பொருந்தும் இடம் எந்த வரிசையில் முதலில் காலியாக இருக்கிறதோ, அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அவ்வளவுதான். கிண்டி பொறியியல் கல்லூரியை, அதாவது கல்லூரி எண் 1-ஐ, முதல் வரிசையில் போட்டுவிட்டால் மற்ற வாய்ப்பு வீணாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வீணாகாது. அது கிடைக்காவிட்டால் அடுத்த வரிசைக்கு வரும். அதனால் ஆசைப்பட்டதை மேலே எழுதுங்கள். 'எது கிடைக்கும்' என்று பார்த்து வரிசைப்படுத்தாதீர்கள், 'எது எனக்கு வேண்டும்' என்று பார்த்து வரிசைப்படுத்துங்கள். கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று ஒன்றைத் தூக்கி மேலே வைத்துவிட்டால், அதற்குக் கீழே இருக்கிற நல்லது காலியாக இருந்தாலும் உங்களுக்கு வராது.

எத்தனை வேண்டுமானாலும் போடலாம், எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. ஆனால் பயந்துபோய் 300 போட்டவர்களையும் எனக்குத் தெரியும். அதுவும் ஆபத்து. நீங்கள் எழுதிய எந்த வரிசையையும் கம்ப்யூட்டர் உங்கள் கையில் கொடுக்கலாம். 'இது வந்தால் சேர மாட்டேன்' என்றால் எழுதவே எழுதாதீர்கள். எங்கள் நோட்டில் இந்தச் சிவப்புக் கோடுகள் எல்லாம் அப்படி அடித்தவை.

அப்புறம் கல்லூரிகளின் கட்-ஆஃப், அதாவது ஒரு இடம் கடைசியாக எந்த மார்க்கில் நிரம்பியது என்பது. போன வருஷப் பட்டியல் கவுன்சிலிங் இணையதளத்திலேயே கல்லூரி வாரியாக, பாடப் பிரிவு வாரியாக, இட ஒதுக்கீட்டு வகுப்பு வாரியாக இருக்கிறது. இதில் இரண்டு விஷயம். ஒன்று, பொதுப் பிரிவுக் கட்டத்தை மட்டும் பார்த்து மனசு உடையாதீர்கள். நாங்கள் எம்.பி.சி. தம்பிக்குப் பொதுப் பிரிவு இடமும் உண்டு, எம்.பி.சி.க்கு இருக்கிற 20 சதவீதத்திலும் இடம் உண்டு. பி.சி.க்கு 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எஸ்.சி. 15, அருந்ததியருக்கு 3, எஸ்.டி.க்கு 1. உங்கள் கட்டத்தை விரல் வைத்துப் பாருங்கள். இரண்டாவது, மார்க்கை மட்டும் நம்பாதீர்கள். ஒரு வருஷம் கணக்குத் தாள் கடினமாக இருந்தால் எல்லோருடைய கட்-ஆஃபும் சேர்ந்தே இறங்கும், சுலபமாக இருந்தால் சேர்ந்தே ஏறும். ரேங்க் பட்டியல் வந்த பிறகு உங்கள் ரேங்கைப் போன வருஷ ரேங்கோடு ஒப்பிடுங்கள். அதுதான் ஓரளவு நிலையான அளவு. நாங்கள் ஜூன் மாதம் மார்க்கை வைத்து எழுதிய பாதியை, ரேங்க் வந்த பிறகு மாற்றி எழுதினோம்.

இப்போது கீழ்ப்பாதிக்கு வருகிறேன். இதில்தான் உண்மையான வேலை.

எங்களுக்கு விழுப்புரம் பக்கம். அண்ணா பல்கலைக்கழகமே நடத்துகிற உறுப்புக் கல்லூரிகள் விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டி, ஆரணி என்று சுற்றிலும் இருக்கின்றன. தெற்கே போனால் பட்டுக்கோட்டை, திருக்குவளை, ராமநாதபுரம், திண்டுக்கல், நாகர்கோவில், தூத்துக்குடி. அரசுப் பொறியியல் கல்லூரிகள் என்றால் பர்கூர், தர்மபுரி, போடி, தஞ்சாவூர் செங்கிப்பட்டி, ஸ்ரீரங்கம் என்று இன்னொரு வரிசை. ஊர் சிறியது, விளம்பரம் கிடையாது, அதனால் நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் பீஸ் தனியாரை விட ரொம்பக் குறைவு. நம் மார்க்குக்கு இங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் வருவது கஷ்டம்தான். மெக்கானிக்கல், சிவில், ட்ரிபிள் இ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) என்று பார்த்தால் கட்-ஆஃப் நன்றாக இறங்குகிறது. தமிழ் வழியில் சிவிலும் மெக்கானிக்கலும் 2010-லிருந்தே இருக்கின்றன. தமிழ் வழியில் படித்தவர்கள் அதைத் தாழ்வாக நினைத்து விட்டுவிடாதீர்கள்.

தம்பிக்கும் எனக்கும் பெரிய சண்டை இங்கேதான் வந்தது. அவனுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும், எந்தக் கல்லூரியானாலும் பரவாயில்லை என்றான். நான் அவனைத் திட்டவில்லை. இரண்டு பேரும் போய்ப் பார்ப்போம் என்றேன். ஒரு தனியார் கல்லூரிக்கு, வேலை நாளில், சாயங்காலம் பஸ் கிளம்புகிற நேரத்துக்குப் போனோம். அலுவலகத்துக்குள் போகவே இல்லை. வாசல் டீக்கடையில் நின்று மூன்றாம் வருஷ மாணவர்களிடம் பேசினோம். எத்தனை அரியர், அதாவது பாஸ் ஆகாமல் பாக்கி இருக்கிற பாடம்? லேப் வாரத்துக்கு எத்தனை முறை நடக்கிறது? வேலைக்கு எடுக்க வந்த கம்பெனி என்ன வேலை கொடுத்தது, மாதச் சம்பளம் கையில் எவ்வளவு? டியூஷன் பீஸ் தவிர என்னென்ன வாங்குகிறார்கள்? இந்த நான்கு கேள்விதான் கேட்டோம். அவர்கள் மறைக்கவில்லை, பொறுமையாகப் பதில் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பியே நோட்டை எடுத்து அந்த வரிசையை அடித்தான். இப்படி ஏழு கல்லூரி பார்த்தோம். அதில் இரண்டு தனியார் கல்லூரிகளை அவனே மேலே ஏற்றினான். அவ்வளவு நன்றாக இருந்தன. நான் அவற்றைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

போக முடியாத ஊருக்கு, அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிற தேர்ச்சி விகிதப் பட்டியலைப் பாருங்கள். இணைப்புக் கல்லூரிகளில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் பாஸ் என்று செமஸ்டர் வாரியாக இருக்கும். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துகின்றன, அதனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் என்று போர்டு வைத்திருந்தால் எந்தப் பிரிவுக்கு என்று கேளுங்கள். அது பிரிவுக்குப் பிரிவு தனித்தனியாகக் கொடுப்பது, கல்லூரி மொத்தத்துக்கும் இல்லை.

பணத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசிவிடுங்கள். எங்கள் நோட்டில் ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் நான்கு வருஷ மொத்தத் தொகை இருக்கிறது, பஸ்ஸோ ஹாஸ்டலோ சேர்த்து. அப்பா அந்த ஒரு கட்டத்தை மட்டும்தான் பார்த்தார். மூன்று வரிசையில் விரலை வைத்து, 'இது முடியாதும்மா' என்றார். அடித்துவிட்டோம். அலாட்மென்ட் வந்த பிறகு அவர் அதைச் சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்!

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதத்தில் தனி இடம் இருக்கிறது. பீஸ், ஹாஸ்டல் செலவை அரசே ஏற்கிறது. நீங்கள் அதற்குள் வந்தால் உங்கள் பட்டியலே வேறு மாதிரி இருக்கும், பெரிய கல்லூரிகளையும் தைரியமாக எழுதுங்கள். தம்பி படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் வரவில்லை. முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை, ஏனென்றால் வீட்டில் முதல் பட்டத்தை நான் வாங்கிவிட்டேன்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். இந்த மாதங்களில் உங்களுக்கு போன் மேல் போன் வரும். 'சீட் உறுதி, ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள்' என்பார்கள். கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் வேறு நல்ல இடம் வரும்போது அதைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும். பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், பிரவுசிங் சென்டரிலும்கூட. சந்தேகம் இருந்தால் மாவட்டத்தில் இருக்கிற கவுன்சிலிங் உதவி மையத்துக்குப் போங்கள். நாங்கள் இரண்டு முறை போனோம், உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

தற்காலிக அலாட்மென்ட் வந்ததும் யோசிக்க நேரம் ரொம்பக் குறைவு. ஏற்றுக்கொண்டு சேரலாம், ஏற்றுக்கொண்டு மேலே உள்ள வரிசைக்காகக் காத்திருக்கலாம், இதை விட்டுவிட்டு மேலே உள்ளதற்காக மட்டும் காத்திருக்கலாம், அடுத்த சுற்றுக்குப் போகலாம், விலகியும் விடலாம். தம்பி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான். ஆனால் ஒன்று: மேலே ஒரு வரிசை கிடைத்துவிட்டால் கையில் இருந்தது தானாக வேறொருவருக்குப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால் மேலே உள்ள ஒவ்வொன்றும் இதை விட உங்களுக்கு உண்மையிலேயே உசத்தியா என்று பட்டியலை லாக் செய்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அவனுக்கு மேலே எதுவும் நகரவில்லை. 34-வது வரிசையே நின்றது: உறுப்புக் கல்லூரி, ட்ரிபிள் இ. நாங்கள் நேரில் போய்ப் பார்த்த இடம், அப்பா தொகையைப் பார்த்துச் சரி என்ற இடம்.

பொறியியலை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்பம், கட்டணமும் மிகக் குறைவு. தம்பி பி.எஸ்சி. இயற்பியலுக்கும் போட்டிருந்தான். பன்னிரண்டாவது முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம், அங்கிருந்து பொறியியல் இரண்டாம் வருஷத்துக்கும் வரலாம். இவற்றையும் அதே நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். கடைசித் தேதியையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தேதி.

இந்த வருஷம் எதிர் வீட்டுத் தங்கச்சிக்கு 136. நோட்டு வாங்கிவிட்டாள், இதுவரை 22 வரிசை எழுதியிருக்கிறாள். நாளைக்கு அவளோடும் அவள் அம்மாவோடும் மூன்று கல்லூரி பார்க்கப் போகிறேன். காலை 6.40 பஸ்ஸில் கிளம்புகிறோம். டீக்கடை மாணவர்கள் சம்மதித்தால் அவர்கள் பேசுவதையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.