ஒரே ஒரு 'ம்'

சபையோர் அனைவருக்கும் வணக்கம்.

தேயிலைக் கொழுந்து மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் நிற்கும் இரண்டு சிநேகிதிகளைக் கவனியுங்கள். இரண்டு கையும் கொழுந்தில். கண்ணும் மட்டத்தை விட்டு அதிகம் நகராது. கையைக் காட்டிப் பேச வழியில்லை. வேலையை மேற்பார்க்கும் கங்காணி வருகிறார் என்பதைத் தாடையை ஒரு விரற்கடை தூக்கியே சொல்லிவிடலாம். பனி இறங்கி முகம் மறைந்தால் அதுவும் பயன்படாது. ஒரு செருமல், ஒரு 'கூ', அவ்வளவுதான். எந்த உறுப்பு சும்மா இருக்கிறதோ அது பேசும்.

இந்தச் சுருக்கம் சும்மா வந்ததல்ல. முன்பு நிறையப் பேசியதால் கிடைத்த சேமிப்பு. 1986இல் ஹெர்பர்ட் கிளார்க், டியானா வில்க்ஸ்-கிப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதை எண்ணியே காட்டினார்கள். இருவர், நடுவில் மறைப்பு, ஆளுக்கு அதே 12 விசித்திர வடிவங்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் அந்த வரிசையில் அடுக்க வேண்டும். முதல் சுற்றில் ஒரு வடிவத்தை விளக்கச் சராசரியாக 41 சொற்கள் தேவைப்பட்டன. ஆறாவது சுற்றில் சுமார் 8 போதுமாயிற்று. கேட்பவர் இடையிடையே "ம்" கொட்டியும் திருத்தியும் ஒத்துக்கொண்டதால்தான் அது சுருங்கியது.

அந்த 'ம்'மில் கொஞ்சம் நிற்போம். குட்டையாக, தட்டையாக வந்தால் "கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்." மேலேறி முடிந்தால் "என்ன சொன்னாய்?" இழுத்து இறங்கினால் "சரி, ஆனால் மனமில்லை." நேரமும் பேசும். பேச்சில் ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்கப் பொதுவாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகும். மனமில்லாத பதில் பிந்தி வரும். "கைமாத்தா கொஞ்சம் காசு இருக்குமா?" என்று கேட்டபின் ஒரு நொடி கழித்து வரும் 'ம்' எதைச் சொல்கிறது என்று கூட்டாளிக்கு விளக்க வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் எழுதும்போது நீளம், ஏற்றம், தாமதம் மூன்றும் போய்விடும். கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ வேலை செய்யும் சிநேகிதிக்கு வெறும் 'ம்' அனுப்பினால் கோபம் என்றுதான் நினைப்பாள். அதையே குரல்பதிவாக அனுப்புங்கள், சரியாகப் போய்ச்சேரும்.

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பு இரண்டு முறை வருகிறது: 71ஆம் அதிகாரம் பொருட்பாலில், 110ஆம் அதிகாரம் காமத்துப்பாலில். குறிப்புக் காட்டுதல் அல்ல, அறிதல். வேலை, பார்க்கிறவரின் கண்ணில்தான் இருக்கிறது.

அங்கேதான் தவறும் நடக்கிறது. உளவியலாளர்கள் கெனத் சவிட்ஸ்கி, போவாஸ் கெய்சர் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், எந்தப் பொருளை எடுப்பது என்று நண்பர் சொல்லக் கேட்டு எடுத்தவர்கள், அந்நியர் சொல்லக் கேட்டவர்களைவிட அதிகம் பிழை செய்தார்கள். சொன்னவர் கண்ணுக்குத் தெரியாமல் தம் கண்ணுக்கு மட்டும் தெரிந்த பொருளின் மேல் அவர்களுடைய கை போயிற்று. அந்நியரிடம் "இவருக்கு இது தெரியாதே" என்று எச்சரிக்கையாக இருக்கிறோம். நெருங்கியவரிடம் அந்த எச்சரிக்கை தளர்ந்துவிடுகிறது.

ஆகவே எண், நாள், காசு, மருந்து இந்த நான்கையும் எவ்வளவு நெருக்கமானவரிடமும் முழுச் சொல்லில் சொல்லுங்கள். "அம்மாவுக்கு வழக்கம்போல மாத்திரை குடு" என்பது, கிளினிக்கில் அளவை மாற்றிய மறுநாளே ஆபத்தாகிவிடும். "காலையில ஒன்னு, ராவைக்கு அரை" என்று சொல்லி, மற்றவர் வாயால் திரும்பச் சொல்லக் கேளுங்கள்.

இன்னொன்று, "ஒண்ணுமில்ல." தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தைப் பார்த்துக்கொண்டே சிநேகிதி அப்படிச் சொன்னால், புரிந்துவிட்டது என்று தலையாட்டி நகர்ந்துவிடாதீர்கள். நாம் ஊகித்த கவலை வேறாக இருக்கலாம். "என்ன நடந்திச்சு?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு, குடம் நிறையும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.